பசளை மூடையும் உப்பின் இயல்பும்

உப்பு என்றவுடன் கறிக்கிடும் உப்பையே கமக்காரர் நினைப்பர். இரசாயன நூலார் அச்சொல்லை இன்னும் விரிந்த பொருளில் வழங்குவர். எம்.ஓ.பி. எனப்படும் மியூறியேற்று ஒவ் பொட்டாசும், ரீ.எஸ்.பி. எனப்படும் சுப்பர் பொசுபேற்றும், அமோனியம் சல்பேற்றும் உப்புக்களேயாம். யூரியா மட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று.

உப்புக்கள் யாவும் மின்னேற்றம் பெற்ற மிகச் சிறு துணிக்கைகளால் ஆனவை. அவற்றுக்கு அயன்கள் என்று பெயர். நேரேற்ற அயனும் மறையேற்ற அயனும் ஒன்றையொன்று இறுக ஈர்த்து நிற்பதனால் உப்புப் பளிங்கு கடினமாயிருக்கின்றது. கறியுப்பை உருக்குதற்கு ஏறத்தாழ 801 பாகை சதம வெப்பம் வேண்டும். ஆயினும் ஒரு கிண்ணம் நீரிலிட்டால் அது சிறிது நேரத்திற் கரைந்துவிடுகின்றது. கரைந்தபின் இருவகை அயன்களும் பிரிந்து தத்தம் வழியே செல்லும். பயிரின் வேர் உறிஞ்சுவதும் இவ்வயன்களையே.

உப்பின் சூத்திரம் ஏற்றங்கள் ஈடாதலைப் பொறுத்தது. பொட்டாசியம் அயனுக்கு ஓரேற்றம், குளோரைட்டு அயனுக்கும் ஓரேற்றம். ஆகவே ஒன்றுக்கு ஒன்று சேரும். சல்பேற்று அயனுக்கு ஏற்றம் இரண்டாதலால் அதனுடன் இரண்டு அமோனியம் அயன்கள் சேர்தல் வேண்டும். இவ்வாறமைந்த அமோனியம் சல்பேற்றின் சூத்திர நிறை 132. அதில் நைதரசன் 28. எனவே நூற்றுக்கு 21 பங்கே நைதரசன். 50 கிலோகிராம் மூடையொன்றை வாங்குபவர் ஏறக்குறைய பத்தரைக் கிலோகிராம் நைதரசனையே வாங்குகின்றார். பொட்டாசு மூடையிற் குறிக்கப்படும் 60 என்னும் எண்ணோ பலரை மயக்குவது. அது பொட்டாசியம் ஒட்சைட்டாகக் கணக்கிடும் பழைய வணிக வழக்கு. அம்மூடையில் ஒட்சைட்டு சிறிதும் இல்லை. உள்ள பொட்டாசியம் நூற்றுக்கு 50 பங்களவாகும்.

அமோனியம் சல்பேற்றை நீறிய சுண்ணாம்புடனோ விறகுச் சாம்பலுடனோ கலத்தலாகாது. கலந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். அமோனியம் அயன் அமோனியா வாயுவாக மாறி வெளியேறுவதே அந்நெடி. காசு கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றோடு போகின்றது. மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களிற் புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவோர், அதன்பின் இரு கிழமையேனும் கழித்துப் பசளையிடல் நன்று.

களித் துணிக்கைகளும் உக்கலும் பெரும்பாலும் மறையேற்றம் உடையவை. ஆதலால் அமோனியம், பொட்டாசியம் ஆகிய நேரேற்ற அயன்களை மண் பற்றிக்கொள்ளும். நீர் நிற்கும் நெல்வயலில் அமோனியம் பெரும்பாலும் அமோனியமாகவே நிற்கும். காற்றோட்டமுள்ள தோட்ட நிலத்திலோ நுண்ணுயிர்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றிவிடும். யூரியாவின் முடிவும் அதுவே. நைத்திரேற்று மறையேற்ற அயனாகையால் மண்ணிற் பிடிபடாது, நீரோடு கீழிறங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் செம்மண்ணின் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் இருத்தலின், அவ்வாறு இறங்கியது கிணற்றை அடைய அதிக காலம் செல்லாது. வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சியிருத்தல் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. மலகூடக் குழிகளும் இதற்குக் காரணமேயெனினும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவின்றி இடும் பசளையின் பங்கு பெரிது.

மிகுந்த நைத்திரேற்று கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். அந்நீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை. உப்பு ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆகவே மேற்கட்டுப் பசளையை ஒரே முறையில் இடாது, பயிரின் பருவத்துக்கேற்பச் சிறுசிறு அளவாகப் பகிர்ந்து இடுக. இட்டவுடன் பாத்தி வழியப் பாய்ச்ச வேண்டாம். வீட்டிற் கைக்குழந்தையிருப்பின், தோட்டக் கிணற்று நீரைச் சோதிப்பிக்கும்வரை பால்மா கரைப்பதற்கு அதனை எடுத்தலாகாது.