பழைய பீரோவுக்கு ஸ்பிரே அடிக்கும் முன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்கு அலமாரியோ கடைசல் கால் மேசையோ வாங்குகிறவர்களில் ஒரு சாரார் இப்போது அதற்கு வார்னிஷ் அடிப்பதில்லை. வெளிர் நீலம், சாம்பல் பச்சை, பால் வெள்ளை என்று பளபளப்பே இல்லாத சாக் பெயிண்ட் கேட்கிறார்கள். தேக்கின் ரேகையை மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அது அவரவர் ரசனை. இங்கே பேசப்போவது உடம்பையும் பணத்தையும் பற்றி.

சாக் பெயிண்டை 1990-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி உருவாக்கினார். தண்ணீரில் கலக்கும் கெட்டியான பூச்சு இது. சுண்ணாம்புக்கல் தூளான கால்சியம் கார்பனேட் போன்ற வெண்பொடிகள் இதில் அதிகம். பிரைமர் வேண்டாம், பழைய பூச்சைச் சுரண்ட வேண்டாம், பிரஷ்ஷால் பூசி மேலே மெழுகு தேய்த்தால் போதும் என்பதுதான் இதன் கவர்ச்சியே. கடைசல் காலிலும் ஜாலி வேலைப்பாட்டிலும் பிரஷ் நுழையாது, நுழைந்தாலும் கோடு விழும். அதனால்தான் ஸ்பிரே வந்தது. ஒரு சில ஆயிரம் ரூபாய்க்கு கையடக்க மின்சார ஸ்பிரே மிஷின் ஆன்லைனில் கிடைக்கிறது. பெயிண்ட்டில் தண்ணீர் விட்டு நைலான் துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். வடிகட்டாவிட்டால் பத்தாவது நிமிடம் நாசில் அடைத்துக்கொள்ளும்.

சாக் பெயிண்ட் அவ்வளவு பொல்லாத சரக்கு இல்லை. பெரிய ஆபத்து அதற்கு முன்னால் நடக்கும் தேய்ப்பிலும் பின்னால் அடிக்கும் மேல் கோட்டிலும் இருக்கிறது. டப்பாவில் ‘வாட்டர் பேஸ்டு’ என்று போட்டிருப்பதைப் பார்த்து முழு வேலையும் பத்திரமானது என்று நம்பிவிடுகிறோம்.

முதலில் தேய்ப்பு. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் காரீயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சம் பங்கில் 90 பங்கு என்று கணக்கு. அதற்கு முன் எனாமல் அடித்த பீரோ, தொட்டில், ஜன்னல் கதவு எதிலும் காரீயம் இருக்கலாம். மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் சந்தேகம் இன்னும் கூடுதல். இரும்புச் சாமான் என்றால் அடியில் செந்தூர நிறக் காரீயப் பிரைமர் இருக்க வாய்ப்புண்டு. இந்த விதி வீட்டு, அலங்காரப் பெயிண்ட்டுக்கு மட்டுமே பொருந்தும். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயிண்ட் இதற்குள் வராது. ‘அதைவிட இது கெட்டியா நிக்கும் சார்’ என்று பட்டறையில் தொழிற்சாலை எனாமல் அடித்துக் கொடுத்திருந்தால், சாமான் 2020-க்குப் பிறகு செய்ததாக இருந்தாலும் உறுதி சொல்ல முடியாது.

பெயிண்ட் உரியாமல் ஒட்டியபடி இருந்து, குழந்தைகள் அதைக் கடிக்காதவரை காரீயத்தால் பெரிய ஆபத்தில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் அது தூளாகி எழும்புகிறது. தரையில் படிகிறது, தவழும் குழந்தையின் கையில் ஒட்டுகிறது, கையோடு வாய்க்குப் போகிறது. உடலுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்வார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவே இல்லை என்றும் சொல்கிறது. பாதிப்பு மூளை வளர்ச்சியில், படிப்பில், நடத்தையில் தெரியும். காய்ச்சல் போல உடனே வந்து நிற்காது என்பதால் பீரோவையும் பிள்ளையின் கவனக்குறைவையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

சாக் பெயிண்ட் ரசிகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பூசி முடித்ததும் ஓரங்களிலும் கைப்பிடி அருகிலும் உப்புத்தாளால் தேய்த்து, அடியில் இருக்கும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்படி விடுவார்கள். பழமைத் தோற்றமாம். இழுப்பறையின் விளிம்பை அப்படித் தேய்த்துப் பாருங்கள். மேலே புது நீலம், அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் ஒரு பச்சை என்று மெல்லிய வளையங்கள் தெரியும். மூடியிருந்த பழைய எனாமல் அங்கே மறுபடி திறந்துகொண்டது. குழந்தை பல் முளைக்கும் வயதில் கடிப்பதும் அந்த விளிம்பைத்தான். தொட்டிலுக்கும் குழந்தைகள் அறைச் சாமானுக்கும் இந்த வேலை கூடவே கூடாது என்பேன்.

பழைய பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, அதன் மேலேயே பூசுங்கள். சாக் பெயிண்ட்டின் குணமே அதற்கு இடம் கொடுக்கிறது. தேய்த்தே தீர வேண்டிய இடத்தில் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, குழம்பு போல வருவதை ஈரத்துணியால் வழித்தெடுக்க வேண்டும். கிரைண்டர் மிஷின் வேண்டாம். ஹீட் கன்னால் கருக்கவும் வேண்டாம், சூடு ஏறினால் காரீயம் புகையாகிவிடும். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மறுபடி பறக்கும், ஈரத்துணிதான் சரி. சந்தேகம் வலுத்தால் சுரண்டி எடுத்த பெயிண்ட்டை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். குழந்தை அந்தத் தூளில் புழங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஸ்பிரே. தண்ணீர் பெயிண்ட்டாக இருந்தாலும் மிஷினிலிருந்து வரும் நுண்துளி நுரையீரலுக்குள் போகும். கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கும் சில பாதுகாப்பு ரசாயனங்கள் தோலில் அரிப்பும் ஒவ்வாமையும் உண்டாக்கக்கூடியவை. கைக்குட்டை கட்டுவதும் சர்ஜிக்கல் மாஸ்க் போடுவதும் மனத்திருப்திக்குத்தான். துளிக்கும் தூளுக்கும் என்95 அல்லது ஐஎஸ் 9473 முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 மாஸ்க் உதவும். தின்னர் ஆவியை அவை தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் எதுவுமே முகத்தோடு ஒட்டாது.

மேல் கோட்டில்தான் விஷயம் தலைகீழாகிறது. மெழுகு தேய்ப்பது மெனக்கெட்ட வேலை. அதனால் பெயிண்டர் அதே மிஷினில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரோ பியூ (பாலியூரித்தேன்) கோட்டோ ஊற்றி அடித்துவிடுகிறார். இவற்றில் கலக்கும் தின்னரின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். கையடக்க மிஷினின் மோட்டாரில் பொறி வரும். அடைத்த அறை, பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, பக்கத்தில் ஒரு சிகரெட், இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் போதும். மிஷினின் கையேட்டில் எந்த வகைப் பூச்சுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும். அட்டைப் பெட்டியோடு அதையும் தூக்கிப் போட்டுவிடுகிறோம். மிஷினைக் கழுவ தின்னர் ஊற்றி அடிக்கும்போதும் இதே ஆபத்துதான். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பியூவின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். தொழில்வழி ஆஸ்துமாவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று அது. ஒருவருக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளியளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். இதை வீட்டுக்குள் ஸ்பிரே அடிக்க யாரையும் விடாதீர்கள். மேல் கோட்டாக ஆளி விதை எண்ணெய் பூசினாலும் கவனம் வேண்டும், அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடவோ தண்ணீரில் முக்கி வைக்கவோ வேண்டும்.

பெரிய வேலைக்கு ஏர்லெஸ் மிஷின் கொண்டுவருவார்கள். அதன் அழுத்தம் 3,000 பிஎஸ்ஐ வரை போகும். நாசிலை விரலால் துடைக்கும்போது டிரிகர் பட்டுவிட்டால் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இருக்காது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே பெயிண்ட் தசைநாண் வழியே பரவியிருக்கும், தாமதமானால் விரலையே எடுக்க வேண்டிவரும். இது அவசர அறுவை சிகிச்சைக்கான காயம். பெயிண்ட் டப்பாவையும் கையோடு எடுத்துப் போய், ‘ஹை பிரஷரில் பெயிண்ட் உள்ளே போயிருக்கிறது’ என்று இதே வார்த்தையில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்று பேர்பெற்ற துறை இருக்கிறது.

இனி உரிமைகள். பெயிண்ட் டப்பாவில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு, எம்ஆர்பி, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். காரீயம் 90 பிபிஎம்முக்கு மிகவில்லை என்ற வாசகமும் வேண்டும். சிறு டப்பாக்களில் பிரித்து ஊற்றி, கையால் லேபிள் ஒட்டி விற்கும் ‘ஹோம்மேட்’ சாக் பெயிண்ட்டில் இவற்றில் பாதி இருக்காது. வாங்காமல் விடுவதே மேல். ‘ஈகோ ஃபிரண்ட்லி’, ‘நேச்சுரல்’ என்று போட்டால் ஆதாரம் காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு அந்த ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு எழுதாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற ரப்பர் ஸ்டாம்ப்பைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். ஆன்லைன் தளம் என்றால் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மிஷின் வெடித்தோ தீப்பிடித்தோ காயம் பட்டால் தயாரிப்பாளரும், சூழ்நிலையைப் பொறுத்து விற்றவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார்கள்.

கூலிக்கு வேலை கொடுத்தாலும் அது சேவைதான். மெழுகு கோட் என்று பேசிவிட்டு லாக்கர் அடித்தது, ஒரே மாதத்தில் உரிந்தது, தேக்கு மேசை பாழானது எல்லாமே சேவைக் குறைபாடு. ஆனால் வாய்ப்பேச்சாக விட்டால் நிரூபிப்பது கஷ்டம். எந்தப் பெயிண்ட், எத்தனை கோட், மேலே என்ன, எங்கே வைத்து அடிப்பார், எவ்வளவு கூலி என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, அவர் ‘சரி’ என்று போட்டாலே ஆதாரம் ஆயிற்று. அட்வான்ஸை ஜிபேயில் கொடுங்கள். ஆரம்பிக்கும் முன்பும் முடிந்த பின்பும் படம் எடுத்து வையுங்கள். காலி டப்பாக்களைப் பிரச்சினை தீரும்வரை எறியாதீர்கள்.

பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம். அதிலும் நடக்காவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. விற்றவர் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம்.

பெயிண்டருக்கும் உரிமை உண்டு, அதைப் பேசுவோர் குறைவு. நம் பீரோவில் காரீயம் இருக்கலாம் என்று தெரிந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்வதும், மாஸ்க்குக்கான காசைக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பதும் வேலை கொடுப்பவரின் கடமை என்றே நினைக்கிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறை என்றால் இஎஸ்ஐ இருக்கிறதா என்று அங்குள்ளவர்கள் கேட்க வேண்டும். காரீய நச்சு, தொழில்சார் நோய்களின் சட்டப் பட்டியலில் நெடுங்காலமாக இருப்பது. இருமல், வயிற்றுவலி, கை நடுக்கம் என்று மருத்துவரிடம் போகும்போது ‘நான் பெயிண்டர், ஸ்பிரே அடிக்கிறேன்’ என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவருக்கு அந்தத் திசையில் சந்தேகம் வராது. கட்டட வேலையும் பார்க்கிற பெயிண்டர்களும் தச்சர்களும் 18 வயது முதல் 60 வயதுக்குள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து மரணம், பிள்ளைகளின் படிப்பு, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அங்கே உதவி உண்டு. பதிவை மறக்காமல் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும்.