இறக்கத்தில் இருக்கிறது ஆபத்து

பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்யும் உபாத்தியாயருக்கு ஒரு காட்சி வருஷந்தோறும் தவறாமல் காணக் கிடைக்கும். வினாத்தாள் கைக்கு வந்ததும் ஒரு பையன், தனக்கு நன்றாகத் தெரிந்த முதற் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவான். அரை மணியில் முடிக்க வேண்டியதற்கு ஒரு மணி செலவாகும். அதிக மார்க்குள்ள கடைசிக் கேள்விக்கு வரும்போது கையும் ஓய்ந்துவிடும், மணியும் அடித்துவிடும். அவன் தோற்றது கடினமான கேள்வியினால் அன்று, சுலபமான கேள்வியினாலேதான்.

என்னிடம் முன்பு படித்த பெண் ஒருத்தி இப்பொழுது அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் குடும்பத்தோடு வசிக்கிறாள். தர்ம ஸ்தாபனங்களுக்கு நிதி திரட்டித் தருவோருக்கு அந்நகரத்து மாரத்தான் ஓட்டத்தில் சில இடங்கள் ஒதுக்குவதுண்டு. அவ்விதம் இடம் பெற்று ஓடிவிட்டு அவள் எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். "ஸார், முதற் கேள்வியிலேயே மணியைத் தொலைக்கும் பையனைப் பற்றிச் சொல்லுவீர்களே, அந்தப் பையன் நான்தான்" என்று அதில் ஒரு வாக்கியம். அதன் பொருள் விளங்க வேண்டுமானால் அந்தப் பாதையை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

பாதையின் போக்கு

1896ஆம் வருஷம் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் மாரத்தான் ஓட்டத்தைக் கண்டு உற்சாகம் கொண்ட பாஸ்டன்வாசிகள், மறு வருஷமே தங்கள் ஊரிலும் ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1897இல் ஓடியவர்கள் பதினைந்து பேர். முடித்தவர்கள் பத்துப் பேர். இன்று ஏறக்குறைய முப்பதினாயிரம் பேர் ஓடுகிறார்கள். ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான்களுள் உலகிலேயே பழமையானது இதுதான். ஏப்ரல் மாதம் மூன்றாவது திங்கட்கிழமை, அமெரிக்க சுதந்திர யுத்தத்தின் முதற் சண்டைகளை நினைவுகூரும் தேசபக்தர் தினத்தன்று, இது நடைபெறுகிறது.

தூரம் 26 மைல் 385 கஜம். ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் புறப்பட்டு, ஆஷ்லண்டு, பிரேமிங்ஹாம், நாட்டிக், வெல்லெஸ்லி, நியூட்டன் ஆகிய ஊர்களைக் கடந்து பாஸ்டன் நகரின் நடுவே முடிகிறது. புறப்படும் இடம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 490 அடி. முடியும் இடமோ கிட்டத்தட்டக் கடல் மட்டந்தான். முதல் மைலில் மட்டும் சுமார் 130 அடி இறங்குகிறது.

"இறக்கமானால் சுகந்தானே?" என்று நேயர்கள் கேட்கலாம். உலகமும் அப்படித்தான் எண்ணுகிறது. 2011ஆம் வருஷம் கெனியா தேசத்து ஜெப்ரி முட்டாய் இப்பாதையை 2 மணி 3 நிமிஷம் 2 விநாடியில் ஓடி முடித்தார். அதுவரை அவ்வளவு வேகமாக மாரத்தான் ஓடியவர் எவரும் இல்லை. ஆனாலும், பாதை ஒரே திசையில் செல்வது, அளவுக்கு மேல் இறங்குவது என்ற இரு காரணங்களால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. இத்தனை சலுகை தரும் பாதையில், நன்றாகப் பழகியவர்கள்கூட ஏன் இடையிலே தவித்து நிற்கிறார்கள்?

இறக்கம் செய்யும் வேலை

விடை தொடையில் இருக்கிறது. சமதரையில் ஓடும்போது தொடையின் முன்புறத் தசை நம்மை முன்னே தள்ள உதவுகிறது. இறக்கத்திலோ அது வண்டியின் தடைக்கட்டை போல வேலை செய்கிறது. ஒவ்வோர் அடியிலும் சரீரத்தின் பாரத்தைத் தாங்கி நிறுத்துகையில், சுருங்க முயலும் அதே சமயத்தில் இழுபடுகிறது. அதனால் தசையின் நார்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டாகின்றன. அப்பொழுது வலி தெரிவதில்லை. மூச்சு வாங்குவதில்லை; காற்று முகத்தில் வீசுகிறது; சுற்றிலும் ஆயிரக் கணக்கானோர் பறக்கிறார்கள். கடன் வாங்கியவனுக்கு முதல் மாதம் இருக்கும் சந்தோஷந்தான் அது.

கடன்காரன் பதினாறாவது மைலில் கதவைத் தட்டுகிறான். அங்கிருந்து இருபத்தொன்றாவது மைலுக்குள் நியூட்டன் குன்றுகள் நான்கு வருகின்றன. கடைசிக் குன்று அரை மைல் நீளங்கூட இல்லை. உயர்வு சுமார் 90 அடி. வேறிடத்தில் இருந்தால் அதை ஒருவரும் குன்று என்றே மதிக்கமாட்டார்கள். ஆனால் அது வரும் இடம் இருபது மைலுக்கு அப்பால். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து பெரும்பாலோருக்கு வற்றிப்போகும் நேரமும் அதுவே.

அக்குன்றுக்கு 'நெஞ்சை உடைக்கும் குன்று' என்று பெயர். 1936ஆம் வருஷத்து ஓட்டத்தில் எல்லிஸன் பிரௌன் என்ற செவ்விந்திய இளைஞர் வெகு தூரம் முன்னே சென்றுவிட்டார். முந்திய வருஷம் வென்ற ஜான் கெல்லி, பெருமுயற்சி செய்து நியூட்டன் குன்றுகளில் அவரை எட்டிப் பிடித்தார். தாண்டிச் செல்லும்போது அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாராம். அந்தத் தட்டினால் பிரௌனுக்கு ரோஷம் பிறந்தது. அவர் மறுபடி முந்தி வெற்றி பெற்றார். துரத்துவதிலேயே பலத்தைச் செலவிட்டுவிட்ட கெல்லி ஐந்தாவதாக வந்தார். அதைக் கண்ட பத்திரிகை நிருபர் ஒருவர் இட்ட பெயர்தான் இன்றளவும் நிலைத்துவிட்டது.

கணக்கும் ஆயத்தமும்

என் மாணவி நான்கு மணியில் முடிக்க எண்ணியிருந்தாள். அதற்கு மைலுக்கு 9 நிமிஷம் 9 விநாடி ஆகலாம். முதல் ஐந்து மைலையும் அவள் 8 நிமிஷம் 40 விநாடி வீதம் ஓடினாள். ஐந்தாவது மைலில் கணக்குக்கு இரண்டரை நிமிஷம் முன்னே இருந்தாள். முடிவில் முப்பத்தொரு நிமிஷம் பின்தங்கினாள். கடைசிக் குன்றில் நடக்கவும் முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அவளுடைய ஒன்பது வயதுப் பெண் அங்கேதான் அம்மாவைப் பார்க்கக் காத்திருந்தது.

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் பெரியோர் வாக்கு. மறு வருஷம் அவள் அந்த வாக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். பதினெட்டு வாரம் பயிற்சி. வாரம் ஒரு நாள் நீண்ட ஓட்டம், அதுவும் மெதுவாக. தூரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி இருபது மைல் வரை கொண்டுபோனாள். கடைசி மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்துத் தேகத்துக்கு ஓய்வு அளித்தாள். இவை எல்லா மாரத்தானுக்கும் பொது. பாஸ்டனுக்கென்று தனியே ஒன்று உண்டு: இறங்கி ஓடப் பழகுதல். சரிவில் பலமுறை அளவாக இறங்கிப் பழகிய தசை, பிறகு அதே வேலையில் அவ்வளவாகக் கீறுவதில்லை. மேட்டில் ஏறிப் பழகுவோர் பலர். இறங்கிப் பழகுவோர் சிலர்.

பாதரட்சையும் அற்ப விஷயமன்று. ஸ்திரீகளுக்கு இடமில்லை என்றிருந்த 1966இல், பாபி கிப் என்ற யுவதி புறப்படும் இடத்துக்கு அருகே புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடினார். 3 மணி 21 நிமிஷத்தில் முடித்து, அப்பாதையை ஓடி முடித்த முதல் பெண்மணி என்ற புகழ் பெற்றார். ஆனால் காலுக்குப் பழகாத பையன்களின் பாதரட்சை கொப்புளம் உண்டாக்கியதால் கடைசி மைல்களில் அவர் மிகவும் மெதுவாகவே வர நேர்ந்தது. புதுச் செருப்பைப் பந்தயத்தன்று காலில் மாட்டாதீர்கள்.

தண்ணீர் விஷயத்திலும் நிதானம் வேண்டும். 2002ஆம் வருஷம் பாஸ்டனில் ஓடிய 488 பேரின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்புச் சத்து அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதிகமாகப் பானம் அருந்தியதே முக்கிய காரணம். அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். தாகத்துக்குக் குடிப்பதே நலம்.

ஓட்டத்தன்று அவள் வகுத்துக்கொண்ட திட்டம் எளியது. முதல் ஐந்து மைலில் எத்தனை பேர் முந்தினாலும் ஒன்பது நிமிஷத்துக்குக் குறையாமல் ஓடுவது. பாதி வழியில், வெல்லெஸ்லி கல்லூரிப் பெண்கள் வெகு தூரம் கேட்கும்படி ஆரவாரம் செய்யும் இடத்தில், புன்னகை செய்வது, வேகத்தைக் கூட்டாதிருப்பது. குன்றுகளில் கடிகாரத்தைப் பார்க்காமல், மூச்சை ஒரே சீராக வைத்துக்கொள்வது. இருபத்தொரு மைலுக்குப் பிறகு மிச்சமிருப்பதைச் செலவிடுவது.

"முதல் மைலில் கிழவர்கள்கூட என்னைத் தாண்டிப் போனார்கள், ஸார். அழுகை வந்தது. ஆனால் கடைசிக் குன்றில் நான் நடக்கவில்லை. என் பெண் என்னோடு பத்தடி ஓடி வந்தாள்" என்று இரண்டாவது கடிதத்தில் எழுதியிருக்கிறாள். நான்கு மணி மூன்று நிமிஷம் ஆயிற்றாம். அந்த மூன்று நிமிஷத்தைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

அக்குன்றுக்குச் சற்று முன்பு பாதையோரத்தில் ஒரு சிலை இருக்கிறது. 1936இல் அங்கே தோற்ற ஜான் கெல்லியின் சிலை. இளைஞராக ஒன்றும் கிழவராக ஒன்றும், இரு கெல்லிகள் கை கோத்து நிற்கிறார்கள். 1945இல் அவர் மறுபடி வென்றார். அதோடு நிற்கவில்லை. அறுபத்தொரு முறை அப்பாதையில் புறப்பட்டு, ஐம்பத்தெட்டு முறை முடித்தார். 1992இல் கடைசியாக ஓடியபோது அவருக்கு வயது எண்பத்துநான்கு. ஒரு குன்றில் நெஞ்சு உடைந்த மனிதர் அதே குன்றைப் பின்னும் ஐம்பத்தாறு வருஷம் ஏறிக்கொண்டிருந்தார்.