இரண்டு பெட்டி, ஒரே மருந்து: மருந்தியலின் அடிப்படைச் சொற்கள்

எஸ்.பி.எம். முடித்துத் தாதியர் பயிற்சியிலோ மருந்தகத் துறையிலோ சேரும் மாணவர்களை முதலில் மிரட்டுவது மருந்தியல் பாடம். புதிய சொற்கள் வரிசையாக வந்து விழும். அவற்றை மனனம் செய்வதைவிட, எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒரு மருந்தோடு பொருத்திப் பார்த்தால் எளிதில் விளங்கும். பாராசிட்டமோலை எடுத்துக்கொள்வோம்.

பொதுப்பெயர், வணிகப்பெயர்

பாராசிட்டமோல் என்பது மருந்தின் பொதுப்பெயர். பனடோல் என்பது அதன் வணிகப்பெயர்களுள் ஒன்று. அமெரிக்காவில் இதே மருந்தை அசெட்டமினோஃபென் என்பார்கள். பெட்டியில் பெரிதாகத் தெரிவது வணிகப்பெயர். உள்ளே இருப்பது என்ன மருந்து என்று சொல்வது பொதுப்பெயர்தான்.

மருந்தளவு

ஒரு வேளைக்கு எடுக்கும் அளவே 'டோஸ்'. பெரியவர்களுக்குப் பொதுவாக 500 முதல் 1,000 மில்லிகிராம். இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். 24 மணி நேரத்தில் மொத்தம் 4,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. குழந்தைகளுக்கு வயதைவிட உடல் எடையே முக்கியம். ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம்.

இப்போது ஒரு கணக்கு. காய்ச்சலுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக, நாளுக்கு 4 வேளை: 4,000. கூடவே சளிக்கு ஒரு ஃப்ளூ மாத்திரை, 3 வேளை. பல ஃப்ளூ மாத்திரைகளிலும் பாராசிட்டமோல் உண்டு. ஒன்றில் 500 மில்லிகிராம் என்றால் இன்னொரு 1,500. மொத்தம் 5,500! சாப்பிட்டவரோ இரண்டு வெவ்வேறு மருந்துகள் என்றே நினைத்திருப்பார்.

அரை ஆயுள்

இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் இது. பாராசிட்டமோலுக்குச் சுமார் 2 முதல் 3 மணி நேரம். 100 பங்கு 50 ஆகும், பிறகு 25, பிறகு 12.5. ஐந்து அரை ஆயுள் கடந்தால் எஞ்சுவது சுமார் 3 பங்குதான். வலி திரும்புவதும், அடுத்த வேளை மருந்து தேவைப்படுவதும் இதனால்தான்.

பக்கவிளைவும் நச்சுவிளைவும்

இவ்விரண்டையும் மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். சரியான அளவில் எடுத்தாலும் கூடவே வரும் வேண்டாத விளைவு, பக்கவிளைவு. ஒவ்வாமைக்குத் தரும் குளோர்ஃபெனிரமைன் தூக்கத்தை வரவழைப்பது இதற்கு எடுத்துக்காட்டு. அளவு மிஞ்சியதால் வருவது நச்சுவிளைவு.

பாராசிட்டமோலைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. அப்போது ஒரு சிறு பகுதி நச்சுப் பொருளாக மாறும். கல்லீரலில் உள்ள குளுட்டதையோன் அதை உடனே செயலிழக்கச் செய்துவிடும். மருந்து அளவுக்கு மிஞ்சினால் குளுட்டதையோன் தீர்ந்துபோகும். பிறகு அந்த நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும்.

இதில் ஏமாற்றும் விஷயம், முதல் 24 மணி நேரத்தில் பெரிய அறிகுறி எதுவும் தெரியாமல் போகலாம் என்பது. இதற்கு முறிமருந்து உண்டு: அசெட்டில்சிஸ்டைன். 8 மணி நேரத்திற்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே அளவு மிஞ்சிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எதிர்க்குறிப்பு

ஒரு மருந்தை யாருக்கு, எந்த நிலையில் கொடுக்கக்கூடாது என்பதே எதிர்க்குறிப்பு. டிங்கி காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கூடாது. இரத்தக் கசிவு அபாயம் கூடும். அங்கே பாராசிட்டமோலே பயன்படும், அதுவும் அளவோடு.

நாளை வார்டில் நிற்கும்போது நோயாளியிடம், "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பெட்டியைக் காட்டுங்கள்" என்றும் கேளுங்கள். வாங்கியதும் முதலில் பொதுப்பெயரைப் படியுங்கள்.