ஒரு பக்டீரியா இரண்டான கதை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வசிக்கும் நீரிழிவு நோயாளர் ஒருவர் விடுமுறைக்கு மட்டக்களப்புக்கோ புத்தளத்துக்கோ சென்று, வயற்சேற்றில் கால் நனைத்துத் திரும்பிய பின்னர் கடுங்காய்ச்சலுடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகின்றார் என வைத்துக்கொள்வோம். அவரது இரத்த மாதிரியில் ஒரு பக்டீரியா வளர்கின்றது. அதனை ஆய்வுகூடம் எந்த இனமாக இனங்காண்கின்றது என்பதிலேயே அவரது உயிர் தங்கியிருக்கக் கூடும். பக்டீரியாக்களின் இனப் பிரிவு பற்றி நாம் இங்கு எழுத முற்படுவது இதனாலேயே.

1911 இல் ரங்கூனில் அல்பிரட் விட்மோரும் அவருடன் பணியாற்றிய சி.எஸ்.கிருஷ்ணசுவாமியும் புதியதொரு நோயைக் கண்டனர். அதன் கிருமி, குதிரைகளைக் கொல்லும் கிளான்டேர்ஸ் நோயின் கிருமியைப் பெரிதும் ஒத்திருந்தது. ஆனால் குதிரைக் கிருமி அசையாதது, இதுவோ நீந்தியது. குதிரைக் கிருமியின் பெயர் மல்லீ. ஆகவே புதியதற்கு 'சூடோமல்லீ', அதாவது போலி மல்லீ, என்ற பெயர் பின்னர் நிலைத்தது. மெலியோய்டோசிஸ் எனப்படும் இந்நோய்க்குக் கொழும்பில் தேயிலைத் தரகராகவிருந்த ஐரோப்பியர் ஒருவர் ஆளானமை 1927 இலேயே பதிவாகியுள்ளது.

இரு கிருமிகளினதும் முழு மரபணுத் தொகுதிகள் 2004 இல் வெளியானபோது விந்தையொன்று தெளிவாயிற்று. 'போலி' எனப்பட்டதே தாய். மல்லீ அதன் ஒரு கிளை.

பக்டீரியா ஒன்று இரண்டாகப் பிளந்தே பெருகுகின்றது. எனினும் நெருங்கிய உறவுள்ளவை டி.என்.ஏ. துண்டுகளைத் தமக்குள் பரிமாறிக் கொள்கின்றன. இக்கொடுக்கல் வாங்கல் நீடிக்கும்வரை அவை ஓரினமாகவே இருக்கின்றன. மண்ணில் வாழ்ந்த சூடோமல்லீயின் ஒரு கிளை விலங்குடலில் நிரந்தரமாகக் குடியேறியதும் அவ்வுறவு அறுந்தது. தாவித்தாவிப் பிரதியாகும் டி.என்.ஏ. துண்டுகள் அதனுள் பெருகின. அவற்றுக்கிடையே அகப்பட்ட மரபணுக்கள் கழன்று வீழ்ந்தன. தொடர்மாடியில் குடியேறிய குடும்பம் கலப்பையை வைத்திருப்பதில்லை அல்லவா? அவ்வாறே மண்ணில் பிழைப்பதற்கான மரபணுக்கள் அதற்குத் தேவைப்படவில்லை. சூடோமல்லீயின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 72 இலட்சம் எழுத்துகளைக் கொண்டது. மல்லீயினதோ 58 இலட்சம் மாத்திரமே.

ஆயினும் எஞ்சியவை ஏறத்தாழ 99 சதவீதம் ஒத்தவை. 95 சதவீத ஒற்றுமை இருந்தால் ஓரினம் என்ற இன்றைய அளவுகோலின்படி இவ்விரண்டையும் பிரிக்கவே முடியாது. நோயும் வாழிடமும் வேறுபடுவதால் பெயர்கள் தொடர்கின்றன. அதுவே பொருத்தமானது என்பது எமது கருத்து. மறுபுறம், அதே மண்ணில் வாழ்ந்து சூடோமல்லீ என்றே கணிக்கப்பட்ட இன்னொன்று, 1998 இல் 'தாய்லாந்தென்சிஸ்' எனத் தனியினமாக்கப்பட்டது. அது மனிதரை மிக அரிதாகவே தாக்குகின்றது.

சூடோமல்லீயை வேறொரு பக்டீரியாவாகவோ, மாதிரியில் தற்செயலாகக் கலந்த அழுக்காகவோ ஆய்வுகூடங்கள் தவறாகக் கருதுவதுண்டு. நோய்க்குறிகளோ பல வேளைகளில் காசநோயை ஒத்தவை. பென்சிலின், ஜென்டாமைசின் போன்றவை இதனிடம் பலிப்பதில்லை. செப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசிமருந்தைக் குறைந்தது 10 முதல் 14 நாட்களும், பின்னர் கோட்ரைமொக்சசோலை ஏறத்தாழ மூன்று மாதங்களும் வழங்க வேண்டும். இந்நோய் இலங்கைக்கு அந்நியமானதன்று என்பதை, 2006 முதல் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் நடத்திய ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

நீரிழிவு உள்ளவர்களே இந்நோய்க்கு மிக அதிகமாக ஆளாகின்றனர். சேற்றிலோ வெள்ளநீரிலோ நின்ற பின்னர் காய்ச்சல் தணியாவிடின், அதனை வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் தாமாகவே கூறுதல் வேண்டும். மெலியோய்டோசிஸ் சந்தேகம் என ஆய்வுகூடப் படிவத்தில் ஒரு வரி எழுதப்பட்டாலே, அங்குள்ளவர்கள் அக்கிருமியைத் தேடிப் பார்ப்பர்.