காகிதப் படமா, மின் திரையா?

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டும் உரிமம் பெற நீங்கள் பயிற்சி பெற்று வருவதாக வைத்துக் கொள்வோம். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டீர்கள். எஞ்சியிருப்பது செய்முறைத் தேர்வு. அதன் முதற்பகுதி தரையில், மேசையின் இருபுறமும் அமர்ந்து நடக்கும் வாய்மொழித் தேர்வு. அடுத்த பகுதி வானத்தில். உங்களுக்கு வலப்புறம் தேர்வாளர் அமர்ந்திருக்கிறார். உங்கள் தொடைமேல் உள்ள டேப்லட்டின் திரையில் வண்ணப்படம் ஒன்று விரிந்திருக்கிறது. அதன் மீது உங்கள் விமானம் ஒரு சிறு உருவமாக ஊர்ந்து கொண்டிருக்கிறது. அப்போது தேர்வாளர் கையை நீட்டித் திரையை மூடுகிறார். "இது பழுதாகிவிட்டதாக வைத்துக் கொள்ளுங்கள். நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?" என்று கேட்கிறார்.

தேர்வுக்குப் போகும் மாணவர்கள் பலருக்கு ஓர் ஐயம் உண்டு. காகிதப் படத்தைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டுமா, திரை மட்டும் போதுமா? விதிகளைப் பார்த்தால் விடை எளிது. கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் தனியார் விமானி காகிதப் படம் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொல்லவில்லை. பயணத்துக்குத் தேவையான எல்லாச் செய்திகளையும் புறப்படுமுன் அறிந்திருக்க வேண்டும் என்பதே விதி. தேர்வுக்கான தர நூலும் மின்திரையைத் தடுக்கவில்லை. ஆனால் அதே நூல் இன்னொன்றையும் கேட்கிறது. தரை அடையாளங்களைக் கொண்டும் கணக்கைக் கொண்டும் நீங்கள் வழி காண வேண்டும். குறித்த பாதையிலிருந்து 3 கடல் மைலுக்கு மேல் விலகக் கூடாது. வழியிலுள்ள இடங்களைக் குறித்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்பின்னாக அடைய வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அந்தக் காகிதத்தைப் பார்ப்போம். 'செக்ஷனல்' படம் என்று அதற்குப் பெயர். அளவு 5,00,000க்கு 1. அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 5 கிலோமீட்டர். தாழ்நிலம் பச்சையாகவும், உயர உயரப் பழுப்பாகவும் இருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையம் நீல நிறத்திலும், இல்லாதது செந்நீலத்திலும் குறிக்கப்படும். கட்டம் கட்டமாகப் பெரிய 5, அதன் தோளில் சிறிய 4 என்பது போல் எண்கள் தெரியும். அந்தக் கட்டத்திலுள்ள எந்த மலையும் எந்தக் கோபுரமும் 5,400 அடிக்கு மேல் இல்லை என்பது அதன் பொருள். மேகம் சூழ்ந்து தாழப் பறக்க நேர்ந்தவனுக்கு இதைவிட உதவும் எண் வேறில்லை.

படத்தில் கோடு போட்டு அதன் திசையை அளந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. படம் காட்டுவது உண்மை வடக்கு. திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு. தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு ஒன்றிரண்டு பாகைக்குள் அடங்கிவிடும். ஆனால் அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் அருகே ஏறக்குறைய 15 பாகை. இதை மறந்து 60 கடல் மைல் பறந்தவர், இறங்க வேண்டிய ஊரை விட்டு 15 மைலுக்கு மேல் தள்ளிப் போயிருப்பார்.

இந்த 60 என்ற எண் விமானிகளுக்கு மிகவும் பிடித்தமானது. ஏன் தெரியுமா? 60 மைல் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 377 மைல். அதை 360 பாகைக்குப் பங்கிட்டால், பாகைக்கு ஒரு மைலும் சொச்சமும் வரும். எனவே 60 மைல் போனபின் ஒரு மைல் விலகியிருந்தால் பிழை ஒரு பாகை. நீங்கள் 20 மைல் பறந்தபின் கீழே பார்க்கிறீர்கள். இருப்புப்பாதை எதிர்பார்த்த இடத்தில் இல்லை. 2 மைல் வலப்புறம் ஒதுங்கிவிட்டீர்கள். 60 மைலுக்கு அது 6 மைல், எனவே பிழை 6 பாகை. இடப்புறம் 6 பாகை திருப்பினால் பழைய கோட்டுக்கு இணையாகப் பறப்பீர்கள், அவ்வளவுதான். மீதி 40 மைலுக்குள் அந்த 2 மைலையும் சரிக்கட்ட இன்னும் 3 பாகை வேண்டும். ஆக 9. தாளும் பென்சிலும் இல்லாமலே மனத்தில் போடக்கூடிய கணக்கு.

காற்று திசையை மட்டுமா கெடுக்கிறது? 100 நாட் வேகத்தில் 60 கடல் மைல் கடக்க 36 நிமிடம். எதிர்க்காற்று 20 நாட் வீசினால் தரைவேகம் 80. நேரம் 45 நிமிடம். பகலில் அரைமணி நேரத்துக்கான எரிபொருள் மிச்சமிருக்கும்படி திட்டமிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. காற்றைக் கணக்கில் சேர்க்காதவர் அந்த அரைமணியில் 9 நிமிடத்தை அறியாமலே விழுங்கிவிட்டார். பயணம் இரு மடங்கு நீண்டால் 18 நிமிடம்.

மின்திரை இத்தனையையும் நொடியில் செய்து தருகிறது. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து வரும் அலை எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதைக் கொண்டு தூரத்தை அளக்கிறது. இடத்தைக் காண மூன்று கோள்கள் போதாவோ என்று கேட்கலாம். கருவியிலுள்ள கடிகாரம் மைக்ரோ வினாடி ஒன்று பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிழை வரும். அந்தப் பிழையையும் கண்டுபிடிக்கத்தான் நான்காவது கோள். இடத்தைக் காட்டுவதோடு வானிலை, அருகிலுள்ள விமானங்கள் எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க முடிகிறது. காகிதமோ மேசை விரிப்பளவு பெரியது. சிறு விமானத்துக்குள் அதை விரித்து மடிப்பதற்குள் மூன்றாவது கை வேண்டும் போலிருக்கும். போதாக்குறைக்கு, 56 நாட்களுக்கு ஒருமுறை புதுப்படம் வந்துவிடும், பழையது காலாவதி. பெரிய நிறுவனங்களின் விமானிகள் ஒரு காலத்தில் சுமார் 16 கிலோ காகிதத்தைப் பையில் சுமந்தார்கள். அந்தப் பை திரும்பி வரவேண்டும் என்று யாரும் ஏங்கவில்லை.

ஆயினும் திரைக்கும் நோய்கள் உண்டு. 2015 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்கள் பல புறப்பட முடியாமல் நின்றன. விமானிகளின் ஐபேடுகளில் படம் காட்டும் மென்பொருள் முடங்கியதே காரணம். ஒரே விமான நிலையத்தின் படம் தொகுப்பில் இருமுறை இடம்பெற்றுவிட்டதாம்! ஐபேடு 35 பாகை செல்சியஸ் வெப்பம் வரை பயன்படுத்தவே ஏற்றது. கண்ணாடி மூடிய விமானி அறையில் கோடை வெயில் அடித்தால் இந்த எல்லை தாண்டிவிடும், திரை தானே அணைந்துவிடும். செயற்கைக்கோள் அலையும் நம்மை வந்தடையும்போது மிக நலிந்திருக்கும். 2022 ஜனவரியில் டென்வர் வட்டாரத்திலும், அக்டோபரில் டல்லஸ் வட்டாரத்திலும் ஜி.பி.எஸ். அலை குலைந்து விமானிகள் தடுமாறினார்கள்.

என் கருத்தைக் கேட்டால், செய்திக்குத் திரையே மேல். அதைக் கைவிடச் சொல்வது வீம்பு. ஆனால் பழகும் காலத்தில் சில பயணங்களையாவது காகிதத்தில் திட்டமிட்டுப் பறக்காதவர், திரை சொல்வது தவறாக இருக்கும்போது அது தவறு என்று கண்டுகொள்ள வழியில்லை. தேர்வாளர்கள் பிடிப்பதும் இந்த இடத்தில்தான். "நீங்கள் போகும் ஊரில் புயல், வேறு ஊருக்குத் திருப்புங்கள்" என்பார்கள். படத்தில் பென்சிலைப் புதிய பாதைமேல் வைத்து, அப்படியே திசை மாறாமல் அருகிலுள்ள வானொலி நிலையத்தைச் சுற்றி அச்சிட்ட வட்டத்தின் நடுவுக்கு நகர்த்துங்கள். அந்த வட்டம் காந்த வடக்குக்கு ஒத்து வரையப்பட்டது. எனவே பென்சில் முனை தொடும் எண் காந்தத் திசை. காற்றுக்காகச் சில பாகை சேர்த்தால் போதும். முதலில் விமானத்தைத் திருப்பிவிட வேண்டும். நுணுக்கக் கணக்கைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

இனி, மூடிய திரைக்குத் திரும்புவோம். தேர்வாளர் விடைக்குக் காத்திருக்கிறார். உங்கள் மடியில் ஒரு தாள். அதில் ஒவ்வோர் அடையாளத்துக்கும் எதிரே நேரம் குறித்திருக்கிறீர்கள். கடைசியாகக் குறித்தது ஆற்றுப் பாலம். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், ஆறு நிமிடம் ஆகியிருக்கிறது. தரைவேகம் 80 நாட், ஆகவே 8 மைல். "பாலத்துக்கு வடக்கே எட்டு மைல். இடப்புறம் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிய வேண்டும்" என்கிறீர்கள். இருவரும் இடப்புற ஜன்னல் வழியே கீழே பார்க்கிறீர்கள்.