மீள்திறனுக்கு மதிப்பெண் போட முடியுமா?

பேரிழப்பையோ நீடித்த நெருக்கடியையோ சந்தித்த பின்னும் படிப்பு, உறவு, அன்றாட வேலை ஆகியவற்றில் மீண்டும் காலூன்றிக்கொள்ளும் ஆற்றலை உளவியலாளர்கள் ‘மீள்திறன்’ என்று அழைக்கின்றனர். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, வறுமை, குடும்பச் சிக்கல் முதலிய பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில் வாழ்வதைக் கண்டனர். அவர்களைத் தாங்கி நின்றது எது, அதை அளக்க இயலுமா என்ற கேள்விகள் அதன்பின் வலுப்பெற்றன.

இன்று பரவலாகப் பயன்படும் அளவைகளுள் ஒன்று, கேத்ரின் கானரும் ஜொனாதன் டேவிட்சனும் 2003-இல் வெளியிட்டது. அதிலுள்ள 25 கூற்றுகள் ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை 0 முதல் 4 வரையுள்ள எண்களால் குறித்தால், கூட்டுத்தொகை 100-க்குள் அமையும். இந்த அளவையை 2007-இல் பத்துக் கூற்றுகளாகச் சுருக்கியபோது, தெய்வமோ விதியோ துணைநிற்கும் என்ற நம்பிக்கையைத் தொடும் கூற்று விடுபட்டது. புள்ளியியல் நோக்கில் அது நேர்த்தியான சுருக்கமே ஆயினும், அம்மனை வேண்டிக்கொண்டு கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளையின் முக்கியமான பிடிமானம் ஒன்று அதில் கணக்கில் வராமல் போகிறது.

புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பம் போன்ற ஊரின் வகுப்பறையில் இந்த அளவையை வினாத்தாளாகக் கொடுக்கும்போது வேறொரு சிக்கலும் எழும். நம் மாணவர்களுக்கு வினாத்தாள் என்றாலே தேர்வுதான் என்பதால், தம் மனநிலையைக் குறிப்பதற்குப் பதிலாக ஆசிரியர் எதிர்பார்க்கும் ‘சரியான’ விடையை அவர்கள் தேடக்கூடும். ‘துன்பத்திலிருந்து மீள்வது எனக்கு எளிதாக இருப்பதில்லை’ என்ற கூற்றுக்கு எதிரே ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டம் இருந்தால், இரண்டு மறுப்புகளுக்கு இடையே பெரியவர்களே தடுமாறுவர். ஆங்கில அளவையைத் தமிழாக்கும்போது இத்தகைய குழப்பங்கள் நேரலாம் என்பதால்தான், தமிழாக்கத்தை மூலத்தை அறியாத ஒருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடுகின்றனர். அதன்பின், மறுமுறை அளந்தாலும் ஏறத்தாழ அதே முடிவு கிடைக்கிறதா என்ற நம்பகத்தன்மையையும், அளக்க எண்ணியதைத்தான் அளக்கிறதா என்ற ஏற்புடைமையையும் உள்ளூர்ப் பிள்ளைகளிடமே சோதிக்க வேண்டும்.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் உங்கர், மீள்திறன் பிள்ளையின் மனத்துக்குள் மட்டும் இருப்பதன்று என்று வாதிடுபவர். இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளின் இளையோரைக் கொண்டு அவர் குழு உருவாக்கிய 28 கூற்றுகள் கொண்ட அளவை, குடும்பத்தையும் ஊரையும் பற்றிச் சேர்த்தே கேட்பதோடு, உள்ளூர்க் கேள்விகளுக்கும் இடமளிக்கிறது.

அவருடைய வாதத்துக்குத் தவளக்குப்பத்தின் அருகிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே நல்லவாடு மீனவர்கள் ஊருக்கு அறிவித்ததால், வீடுகளும் படகுகளும் அழிந்தபோதிலும் மக்கள் உயிர் தப்பினர். அன்று அங்கிருந்த பிள்ளைகள் பின்னர் எப்படி மீண்டனர் என்பதை அளக்க முனையும் எந்தத் தாளிலும், அவர்களுடைய மனவுறுதியோடு அந்த ஒலிபெருக்கிக்கும் உறவுக்கும் ஊர்க்கட்டுப்பாட்டுக்கும் பங்கு இருந்தாக வேண்டும்.

எனவே இவ்வளவைகளைப் பள்ளிகள் பயன்படுத்தட்டும். ஆனால், ஒரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் வகுப்பு முழுவதும் அடைந்த மாற்றத்தை அறியவே அவை உதவ வேண்டும், பிள்ளைகளைத் தரம் பிரிக்கவோ மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து அனுப்பவோ அல்ல. குறைந்த எண் பெற்ற பிள்ளையோடு அந்த வாரமே அமர்ந்து பேச ஒருவர் இல்லாத பள்ளி, தாளை விநியோகிக்காமல் இருப்பதே நல்லது. அத்தகைய பேச்சுத்துணை தேவைப்படுவோர்க்கு, இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது.