ஒரு பெயருக்கு 12 லட்சம் டாலர்: பழைய வின்செஸ்டர் துப்பாக்கிகளில் அப்படி என்ன இருக்கு?

2014 நவம்பர். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் தொல்லியல் ஊழியர்கள் ஆய்வுக்காக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு ஜூனிபர் மரத்தில் பழைய துப்பாக்கி ஒன்று சாய்ந்து நின்றது. யாரோ இப்போதான் வைத்துவிட்டுப் போன மாதிரி. ஆனால் அதன் மரக்கட்டை வெயிலிலும் பனியிலும் வெளுத்து வெடித்திருந்தது. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது.

அது வின்செஸ்டர் 1873 மாடல். சீரியல் நம்பரை வைத்துத் தேடியதில் 1882-ல் தயாரானது என்று தெரிந்தது. யாருடையது? இன்றுவரை தெரியாது. அதில் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை.

இதே கம்பெனியின் இன்னொரு துப்பாக்கி 2016-ல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 12.65 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 8 கோடி ரூபாய்க்கு மேல். காரணம், அதில் இரண்டு பெயர்கள் இருந்தன.

*லீவர் துப்பாக்கி என்றால் என்ன?*

விசைக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் போதும். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும், துப்பாக்கி மறுபடி சுடத் தயார். ஹாலிவுட் கௌபாய் படங்களில் 'கிளிக் கிளிக்' என்று சத்தம் வருமே, அதேதான்.

1860-ல் வந்த ஹென்றி ரைஃபிள்தான் இந்த வகையில் முதலில் பெரிய வெற்றி பெற்றது. அதன் வாரிசுதான் வின்செஸ்டர். 1873 மாடல் மட்டும் 7 லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஆக, பழசு என்பதால் மட்டும் ஒரு துப்பாக்கி அரிய பொருள் ஆகிவிடாது. அதை அரியதாக்குவது அதன் மேல் இருக்கும் பொறிப்பு.

*யார் பொறித்தார்கள்?*

கூடுதல் பணம் கட்டினால் தொழிற்சாலையிலேயே கொடி, இலை, மான், கரடி என்று சித்திர வேலை செய்து கொடுப்பார்கள். வின்செஸ்டருக்காகப் பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்த உல்ரிக் சகோதரர்களின் கைவண்ணத்துக்கு சேகரிப்பாளர்கள் மத்தியில் தனி மவுசு.

அடுத்தது, பரிசளிக்கும்போது பெயர் பொறிப்பது. அதிபர் ஆபிரகாம் லிங்கன் பெயர் பொறித்த ஹென்றி ரைஃபிள் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சீரியல் நம்பர் 6.

2016-ல் ஏலம் போனதும் இப்படிப்பட்ட பரிசுதான். 1886 மாடலின் முதல் துப்பாக்கி, அதாவது சீரியல் நம்பர் 1. அப்பாச்சே பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திச் சென்ற கேப்டன் ஹென்றி லாட்டனுக்கு, வின்செஸ்டரில் வேலை பார்த்த நண்பர் ஆல்பீ கொடுத்தது. 'ஆல்பீ லாட்டனுக்கு' என்பதுதான் அதிலிருந்த வாசகம். துரத்தியவரின் பெயர் உலோகத்தில் நிற்கிறது. துரத்தப்பட்டவர் போர்க் கைதியாகவே 1909-ல் இறந்தார். துப்பாக்கியின் விலையைச் சொல்லும்போது இந்தக் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

*போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?*

பெயருக்குத்தான் காசு என்றால், பெயரைப் போலியாகப் பொறிக்க ஆள் வராமல் இருப்பார்களா? சேகரிப்பாளர்களின் பெரிய தலைவலியே இதுதான். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது மூன்று விஷயங்கள்.

முதலாவது, பதிவேடு. வயோமிங் மாநிலம் கோடி நகரில் உள்ள அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய கைப்பிரதிப் பதிவேடுகள் இருக்கின்றன. சீரியல் நம்பரைக் கொடுத்தால், கிடங்கிலிருந்து எப்போது வெளியே போனது, சித்திர வேலை இருந்ததா போன்ற விவரங்கள் கிடைக்கும். ஆனால் எல்லா நம்பருக்கும் பதிவு இல்லை. வாங்கியவர் பெயரும் பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது, உலோகம். தொழிற்சாலையில் முதலில் பொறித்துவிட்டு, அப்புறம்தான் மேற்பூச்சு கொடுப்பார்கள். எனவே பூச்சு கோடுகளுக்குள்ளும் இருக்க வேண்டும். துப்பாக்கி முழுக்கத் தேய்ந்திருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படலாம்.

மூன்றாவது, ஆவணம். கடிதம், பழைய போட்டோ, குடும்பம் வழியாகக் கைமாறியதற்கான சான்று. உள்ளூர் நகைக்கடையில் பொறித்த பெயர் உண்மையானதாகவே இருந்தாலும் தொழிற்சாலைப் பதிவேட்டில் வராது. அப்போது கைகொடுப்பது காகிதம்தான்.

இன்னொன்று: 'பளபளன்னு ஆக்கிடலாம்' என்று பாலிஷ் போட்டால் போச்சு! பழைய பூச்சோடு மதிப்பும் போய்விடும்.

*இந்தியாவில் சேகரிக்க முடியுமா?*

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் தயாரானவை 'பழம்பொருள்' என்ற தனி வகை. நம் ஊரில் அப்படி இல்லை. சுடும் நிலையில் உள்ள துப்பாக்கி எவ்வளவு பழசானாலும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகள் வரைதான் வைத்திருக்கலாம். தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்றால், விலை விசாரிப்பதற்கு முன் உரிமத்தை விசாரிப்பதே நல்லது.

*அந்த மரத்தடித் துப்பாக்கி என்ன ஆனது?*

கோடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பி, உதிராமல் பதப்படுத்தினார்கள். அடிக்கட்டைக்குள் ஒரு தோட்டா இருந்தது. துப்பாக்கியை மெருகேற்றவில்லை, கிடைத்த கோலத்திலேயே பாதுகாத்தார்கள். இப்போது கிரேட் பேசின் பூங்காவிலேயே பார்வைக்கு இருக்கிறது.

1882-ல் அதன் விலை சுமார் 25 டாலர். பெயர் பொறிக்கக் காசில்லாத ஒரு சுரங்கத் தொழிலாளியோ மாடு மேய்ப்பவரோ வைத்திருக்கலாம். மரத்தில் சாய்த்தபோது, திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பார்.